அடுக்களை எந்த மூலைக்குப் போனது? த்ரீடி மென்பொருள்களில் அச்சுத் திசையைச் சரிபார்க்கும் முறை

தமிழக-கேரள எல்லையில், புளியரை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் மேஸ்திரி அடி, அங்குலத்தில் பேசுவார். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பெர்மிட் பிளான் மீட்டரில் இருக்கும். தச்சுக்கணக்கு பார்க்கிறவர் கோல், விரல் என்பார். செங்கோட்டையிலோ தென்காசியிலோ உட்கார்ந்து இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் எலிவேஷன் (முகப்புத் தோற்றம்), வாக்த்ரூ (வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோன்ற படம்) செய்து கொடுப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. அதே தலைவலி மென்பொருள்களுக்குள்ளும் இருக்கிறது, அங்கே ஒரு படி மேல். அளவு மட்டும் மாறுவதில்லை. எது மேல், எது முன், எது வலது என்பதும் மாறும். பிளெண்டர் என்ற மாடலிங் மென்பொருளில் ஒழுங்காக நின்ற வீடு யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் மல்லாந்து படுக்கும். அல்லது நின்றபடியே கண்ணாடிப் பிம்பமாகி, அக்னி மூலையில் இருந்த அடுக்களை கன்னி மூலைக்குப் போய்விடும். படுத்த வீட்டை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். பிம்பமான வீட்டை வீட்டுக்காரர்தான் கண்டுபிடிப்பார், அதுவும் எல்லாரையும் கூட்டிவைத்துப் படம் காட்டும்போது.

ஆகவே முதல் விதி: மாற்றத்தை இரண்டு மென்பொருள்களின் எல்லையில், ஒரே இடத்தில், ஒரே தடவை செய்யுங்கள். ஏற்றுமதியில் கொஞ்சம், இறக்குமதியில் கொஞ்சம், பிறகு சீனுக்குள் கையால் கொஞ்சம் என்று திருப்பினால், மூன்று மாதம் கழித்து எது எதைச் சரிசெய்தது என்று செய்தவருக்கே தெரியாது.

யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள்

பிளெண்டர்: இசட் மேலே, வலக்கை முறை (வலக்கை, இடக்கை என்னவென்று அடுத்த பகுதியில் பார்ப்போம்), அளவு மீட்டர். முன்பக்கத் தோற்றம் என்பது மைனஸ் ஒய் பக்கத்தில் நின்று பார்ப்பது, அதாவது பொருளின் முகம் மைனஸ் ஒய் பக்கம். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், த்ரீடிஎஸ் மேக்ஸ் மூன்றும் இசட் மேலே, வலக்கை. ஸ்கெட்ச்அப்பில் சிவப்பு எக்ஸ், பச்சை ஒய், நீலம் இசட்; திரையில் எந்த அளவு காட்டினாலும் உள்ளே அங்குலத்தில்தான் வைத்திருக்கும். மாயா வழக்கமாக ஒய் மேலே, வலக்கை, சென்டிமீட்டர். விருப்பத்தேர்வில் இசட் மேலே என்று மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், மாயாவிலிருந்து வரும் கோப்பை "அது ஒய்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

கேம் எஞ்சின்களில் யூனிட்டி ஒய் மேலே, இசட் முன்னே, இடக்கை, மீட்டர். அன்ரியல் இசட் மேலே, எக்ஸ் முன்னே, ஒய் வலப்பக்கம், இடக்கை, சென்டிமீட்டர். கோடோ ஒய் மேலே, வலக்கை, மீட்டர்; கேமரா மைனஸ் இசட் பக்கம் பார்க்கும்.

கோப்பு வடிவங்களில் ஜிஎல்டிஎஃப் ஒன்றுதான் கறார்: ஒய் மேலே, ப்ளஸ் இசட் முன்னே, வலக்கை, மீட்டர். வேறு பேச்சில்லை. யுஎஸ்டி வலக்கை முறை. எது மேலே, ஒரு அலகு எத்தனை மீட்டர் என்பதைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். எஃப்பிஎக்ஸும் எழுதிவைக்கும், ஆனால் அதை ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டத்துக்குப் படிக்கும். ஓபிஜேயில் எது மேலே என்ற தகவலே கிடையாது. எஸ்டிஎல்லும் அப்படியே, அளவும் கிடையாது. த்ரீடி பிரின்ட் எடுப்பவர்கள் மில்லிமீட்டர் என்றும் இசட் மேலே என்றும் வைத்துக்கொள்வது வழக்கம், அவ்வளவுதான்.

வலக்கை, இடக்கை: விரலால் பார்ப்பது

கட்டைவிரல் எக்ஸ், ஆட்காட்டிவிரல் ஒய், நடுவிரல் இசட். மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும்படி நீட்டுங்கள். திரையில் தெரியும் அச்சுகளோடு வலக்கை பொருந்தினால் வலக்கை முறை, இடக்கை பொருந்தினால் இடக்கை முறை. எந்தக் கையை எப்படித் திருப்பினாலும் ஒரு கை இன்னொரு கையாகாது. விஷயத்தின் உயிர் இதுதான்: "எது மேலே" என்ற வேறுபாடு சுழற்றினால் தீரும், "எந்தக் கை" என்ற வேறுபாடு எவ்வளவு சுழற்றினாலும் தீராது, ஏதாவது ஓர் அச்சின் குறியை மாற்றியே ஆகவேண்டும்.

இதைத் தெரியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. இசட் மேலே உள்ளதை ஒய் மேலே ஆக்க, ஒய்யையும் இசட்டையும் இடம் மாற்றி (எக்ஸ், இசட், ஒய்) என்று எழுதிவிடுவார்கள். வீடு நிமிர்ந்து நிற்கும். ஆனால் இரண்டு அச்சை இடம் மாற்றுவது கண்ணாடியில் பார்ப்பதற்குச் சமம். வலக்கையிலிருந்து வலக்கைக்குப் போவதென்றால் (எக்ஸ், இசட், −ஒய்) என்பதே சரி; பிளெண்டர் ஜிஎல்டிஎஃப் எழுதும்போது செய்வதும் இதைத்தான். சந்தேகம் வந்தால் பிளஸ் டூ கணக்கில் படித்த அணிக்கோவையைப் போட்டுப் பாருங்கள். பழைய அச்சு ஒவ்வொன்றும் புதியதில் எங்கே போகிறது என்று எழுதும் 3×3 அணியின் அணிக்கோவை மதிப்பு +1 வந்தால் வெறும் சுழற்சி, −1 வந்தால் பிம்பம். ஒரே கை முறைக்குள் +1 வரவேண்டும், கை மாறும் பயணத்தில் −1 வரவேண்டும். −1 என்றதும் பதற வேண்டாம். வரக்கூடாத இடத்தில் வந்தால்தான் பிழை.

சோதனைக் கட்டை

வீட்டையே அனுப்பிச் சோதிப்பது நேர விரயம். பத்து நிமிடத்தில் ஒரு சோதனைக் கட்டை செய்துவைத்தால் வருடக்கணக்கில் உதவும். பிளெண்டரில் ஒரிஜினிலிருந்து (மூன்று அச்சும் சந்திக்கும் பூஜ்யப் புள்ளி) மூன்று கைகள் நீட்டுங்கள்: ப்ளஸ் எக்ஸ் பக்கம் 1 மீட்டர், ப்ளஸ் ஒய் பக்கம் 2 மீட்டர், ப்ளஸ் இசட் பக்கம் 3 மீட்டர். தடிமன் 10 சென்டிமீட்டர் போதும். சிவப்பு, பச்சை, நீலம் பூசுங்கள். நிறம் வழியில் தொலைந்துபோவது சகஜம், நீளம் தொலையாது. அதற்குத்தான் மூன்றும் வேறு நீளம். கைகளை ஒரே பொருளாக இணைத்து, கண்ட்ரோல்+ஏ அழுத்தி ஆல் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் கொடுத்து, சுழற்சி எல்லாம் 0, ஸ்கேல் எல்லாம் 1 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மைனஸ் ஒய் பக்கத்தில் ஒரு பலகை வைத்து அதில் ஓர் எழுத்தைப் படமாக ஒட்டுங்கள். எந்த எழுத்து என்பது முக்கியம். 'ப' உதவாது: இடவலம் புரட்டினாலும் அதே 'ப'தான். 'ட'வும் சரிவராது; புரட்டிய 'ட'வும் 90 பாகை திரும்பிய 'ட'வும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மலையாளத்தில் ட வரிசையின் இரண்டாம் எழுத்து வெறும் வட்டம், அதை ஒட்டினால் எதுவுமே தெரியாது. 'க' நல்லது. எப்படிப் புரட்டினாலும், எப்படித் திருப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அந்தக் கட்டையை நீங்கள் வழக்கமாக அனுப்பும் அதே வடிவத்தில், அதே அமைப்புகளோடு அனுப்புங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு தாளில் மூன்றே வரி எழுதுங்கள்: 1 மீட்டர் கை எந்த அச்சில், எந்தப் பக்கம், 2 மீட்டர் கை எங்கே, 3 மீட்டர் கை எங்கே. இந்த மூன்று வரிதான் உங்கள் அணி. மன்றங்களில் யாரோ சொன்ன "எக்ஸில் −90 போடு" என்ற மருந்தைவிட இந்தத் தாள் ஆயிரம் மடங்கு நம்பகமானது. மென்பொருளின் பதிப்பு மாறினால் கட்டையை மறுபடி அனுப்பிப் பாருங்கள்.

மூலையை வைத்து நோயறிதல்

ஏற்கெனவே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, ஏதோ கோளாறு என்றால் மூலைகளே சொல்லும். ஈசானிய மூலை வடகிழக்கு, அக்னி தென்கிழக்கு, கன்னி தென்மேற்கு, வாயு வடமேற்கு. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய இதே பெயர்தான், ஆகையால் வீட்டுக்காரரோடு பேசவும் வசதி. பிளானில் அடுக்களை அக்னியில், கிணறு ஈசானியத்தில் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினில் வடக்கு எது என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு, மேலிருந்து பாருங்கள்.

அடுக்களை வாயுவுக்குப் போயிருந்து, கிணறு கன்னியில் இருந்தால் வீடு 180 பாகை திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான், பிம்பமில்லை. திருப்பி வைத்தால் தீர்ந்தது.

அடுக்களை கன்னிக்குப் போயிருந்தால் அவசரப்படாதீர்கள். அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: வீடு கிழமேல் புரண்டிருக்கலாம், அல்லது கடிகாரத் திசையில் 90 பாகை திரும்பியிருக்கலாம். ஒரு புள்ளியை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. கிணற்றைப் பாருங்கள். கிணறு வாயுவில் இருந்தால் பிம்பம். அக்னியில் இருந்தால் வெறும் சுழற்சி. அதேபோல் அடுக்களை ஈசானியத்தில் இருந்தால்: கிணறு அக்னியில் என்றால் தென்வடல் பிம்பம், வாயுவில் என்றால் எதிர்க்கடிகாரத் திசையில் 90 பாகை சுழற்சி.

வாஸ்துவில் நம்பிக்கை இருக்கிறதா என்பது வேறு பேச்சு. அச்சுப் பிழை கண்டுபிடிக்க இதைவிட எளிதான வழி கிடையாது.

பிளெண்டரிலிருந்து யூனிட்டிக்கு

அதிகம் பேர் தடுக்கி விழும் படி இது. பிளெண்டரின் எஃப்பிஎக்ஸ் ஏற்றுமதியில் ஃபார்வர்டு மைனஸ் இசட், அப் ஒய் என்பது இயல்பான அமைப்பு. அதை மாற்றாமல் அனுப்பினால் பிளெண்டரின் (எக்ஸ், ஒய், இசட்) கோப்புக்குள் (எக்ஸ், இசட், −ஒய்) ஆகும். யூனிட்டி அதைப் படிக்கும்போது இடக்கைக்கு மாற்றுவதற்காக எக்ஸின் குறியைப் புரட்டும். மொத்தப் பயணம்: (−எக்ஸ், இசட், −ஒய்). அணிக்கோவை −1. கை மாறியிருப்பதால் அதுவே சரி.

இதன் விளைவைக் கவனியுங்கள். பிளெண்டரில் வடக்கை ப்ளஸ் ஒய், கிழக்கை ப்ளஸ் எக்ஸ் என்று பிளான் போட்டிருந்தால், யூனிட்டியில் வடக்கு மைனஸ் இசட் பக்கமும் கிழக்கு மைனஸ் எக்ஸ் பக்கமும் வந்து நிற்கும். வீடு பிம்பமாகவில்லை, 180 பாகை திரும்பியிருக்கிறது. ப்ளஸ் இசட்தான் வடக்கு என்று நம்பி எழுதிய சூரிய ஸ்கிரிப்ட்டில் சூரியன் மேற்கே உதிக்கும். மருந்து: ஒரு காலிப் பொருளை வீட்டுக்குத் தாயாக வைத்து அதற்கு ஒய் சுழற்சி 180 கொடுங்கள்.

"எக்ஸ் மைனஸ் ஆகியிருக்கிறதே" என்று ஸ்கேல் எக்ஸில் −1 போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய விபத்து. போட்டால் கிழக்கு ப்ளஸ் எக்ஸுக்கு வந்துவிடும், பார்க்கவும் திருப்தியாக இருக்கும். ஆனால் வடக்கு இன்னும் மைனஸ் இசட்டிலேயே நிற்கிறது. அதாவது இப்போதுதான் வீடு உண்மையிலேயே பிம்பமானது. வாசல் பலகையில் எழுத்து புரண்டிருக்கும், படிக்கட்டு எதிர்ப்பக்கம் வளையும்.

அடுத்தது அந்த −90. யூனிட்டியின் இன்ஸ்பெக்டரில் வீட்டுக்கு எக்ஸ் சுழற்சி −90 அல்லது −89.98 என்றும், ஸ்கேல் 100 என்றும் காட்டும். பார்க்க அசிங்கமே தவிர பிழையில்லை: பிளெண்டர் புள்ளிகளை மாற்றாமல், பொருளின் மேல் ஒரு சுழற்சியை ஏற்றி அனுப்பியிருக்கிறது. ஏதாவது ஸ்கிரிப்ட் சுழற்சியைப் பூஜ்யமாக்கினால் வீடு மல்லாந்துவிடும் என்பதே ஆபத்து. ஸ்கேல் 100 போக, ஏற்றுமதியில் அப்ளை ஸ்கேலிங்ஸ் என்பதை எஃப்பிஎக்ஸ் ஆல் என்று வையுங்கள். −90 போக இரண்டு வழி: பிளெண்டரில் அப்ளை டிரான்ஸ்ஃபார்ம் டிக், அல்லது யூனிட்டியின் மாடல் அமைப்பில் பேக் ஆக்சிஸ் கன்வர்ஷன் டிக். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். முதலாவது இன்னும் பரிசோதனை நிலை என்று பிளெண்டரே எச்சரிக்கிறது. எலும்புக்கூடு, அனிமேஷன் உள்ள கோப்பில் அதைத் தொடவே வேண்டாம். வீடு, மதில், கிணறு போன்ற அசையாப் பொருளுக்குப் பரவாயில்லை. எந்த டிக்கைப் போட்டாலும் சோதனைக் கட்டையை மறுபடி அனுப்பி, முகம் எந்தப் பக்கம் வந்தது என்று பாருங்கள்.

அன்ரியல், கோடோ

அன்ரியலுக்கு எஃப்பிஎக்ஸில் போனால் ஒய்யின் குறிதான் புரளும்: (எக்ஸ், −ஒய், இசட்), கூடவே மீட்டர் சென்டிமீட்டராகும். பிளெண்டரில் மைனஸ் ஒய் பார்த்த முகம் அங்கே ப்ளஸ் ஒய் பார்க்கும். அன்ரியலுக்கு முன்பக்கம் என்றால் எக்ஸ். எனவே 90 பாகை இடிக்கும். அன்ரியலின் சொந்த மனித உருவத்தையே கேரக்டர் புளூபிரின்ட்டில் −90 பாகை திருப்பித்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே நீங்களும் அப்படிச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோடோவுக்கு ஜிஎல்டிஎஃப் அனுப்புங்கள். இரண்டும் வலக்கை, இரண்டும் ஒய் மேலே, இரண்டும் மீட்டர். பிளெண்டர் ஏற்றுமதியில் ப்ளஸ் ஒய் அப் டிக் இருக்கவேண்டும், வேறு வேலையில்லை.

முகங்கள் காணாமல்போவது

பிம்பமாகும்போது இன்னொன்றும் நடக்கும். முக்கோணத்தின் மூன்று புள்ளிகள் எந்த வரிசையில் சுற்றுகின்றன என்பதை வைத்துத்தான் முன்முகம், பின்முகம் தீர்மானமாகிறது. கிராஃபிக்ஸ் இடைமுகங்களில் ஓப்பன்ஜிஎல் இயல்பாக எதிர்க்கடிகாரச் சுற்றை முன்முகம் என்கிறது, டைரக்ட்த்ரீடி கடிகாரச் சுற்றை. புள்ளிகளின் குறியை மட்டும் மாற்றிவிட்டுச் சுற்று வரிசையை மாற்றாவிட்டால், வெளிச்சுவர் மறைந்து உள்ளறை தெரியும். வீட்டை வகிர்ந்து வைத்ததுபோல. சொந்தமாக மாற்றி எழுதும்போது குறி ஒன்று மாறினால் ஒவ்வொரு முக்கோணத்திலும் இரண்டு புள்ளிகளை இடம் மாற்றுங்கள். பிளெண்டரில் ஃபேஸ் ஓரியன்டேஷன் ஓவர்லேயைப் போட்டால் பின்முகம் சிவப்பாகத் தெரியும். ஷிஃப்ட்+என் பெரும்பாலும் சரிசெய்துவிடும். ஆனால் மைனஸ் ஸ்கேல் இருக்கும் பொருளுக்கு முதலில் ஸ்கேலை அப்ளை செய்யவேண்டும், பிறகே ஷிஃப்ட்+என். வரிசை மாறினால் பலனில்லை.

கதவு உயரத்தை வைத்து அளவுப் பிழை

7 அடிக் கதவு 2.1336 மீட்டர். மீட்டர் கணக்கில் ஓடும் எஞ்சினில் கதவு உயரம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 7 என்றால் அடி அப்படியே மீட்டராகிவிட்டது. 84 என்றால் அங்குலம், ஸ்கெட்ச்அப்பிலிருந்து வரும்போது பார்க்கலாம். 213.36 என்றால் சென்டிமீட்டர். 2133.6 என்றால் மில்லிமீட்டர், ஆட்டோகேட் பிளானில் இதுதான் அதிகம். 0.021 என்றால் எங்கோ 100 ஆல் ஒருமுறை கூடுதலாக வகுத்திருக்கிறது. எண்ணைப் பார்த்ததுமே நோய் தெரிந்துவிடும், கண்ணளவில் இழுத்துச் சரிசெய்யத் தேவையில்லை.

ஆட்டோகேட் கோப்பு வந்தால் முதலில் யூனிட்ஸ் கட்டளை கொடுத்து இன்சர்ஷன் ஸ்கேலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே அங்குலம் என்று எழுதியிருந்தாலும் வரைந்தது மில்லிமீட்டரில் இருக்கலாம். ஒரு கதவை அளந்து பார்ப்பதே சாட்சி.

அந்தப் பக்கத்துத் தச்சுக்கணக்கில் 1 கோல் என்பது 24 விரல், 72 சென்டிமீட்டர். விரல் 3 சென்டிமீட்டர். 12 கோல் 8 விரல் என்று குறித்திருந்தால் 864 + 24 = 888 சென்டிமீட்டர், அதாவது 8.88 மீட்டர். நம் மேஸ்திரியிடம் 29 அடி ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் என்று சொல்லலாம். மாடலில் மட்டும் 8.88 என்றே போடுங்கள். அடியாக மாற்றி, முழுமைப்படுத்தி, மறுபடி மீட்டராக்கினால் நான்கு சுவர் சேரும் இடத்தில் இடுக்கு விழும்.

கோணம் எந்தப் பக்கம் சுற்றும்

ஆட்டோகேட் இயல்பாகக் கோணத்தைக் கிழக்கிலிருந்து எதிர்க்கடிகாரத் திசையில் எண்ணும். சர்வேயர் வடக்கிலிருந்து கடிகாரத் திசையில் எண்ணுவார். மாற்ற, 90 இலிருந்து சர்வே கோணத்தைக் கழித்தால் போதும்: தெரு 65 பாகை என்றால் ஆட்டோகேட்டில் 25.

பிளெண்டரில் இசட் சுழற்சி மேலிருந்து பார்க்க எதிர்க்கடிகாரம். ப்ளஸ் ஒய் வடக்கு என்றால், வடக்கு பார்த்த பொருளை 65 பாகைக்குத் திருப்ப −65 போடவேண்டும். யூனிட்டி இடக்கை என்பதால் ஒய் சுழற்சி கடிகாரத் திசை. ப்ளஸ் இசட் வடக்கு என்றால் சர்வே கோணத்தை அப்படியே 65 என்று போடலாம். இடக்கை முறையில் கிடைக்கும் ஒரே இலவசம் இது.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒன்று. சுழற்சியை நான்கு எண்களில் எழுதும் குவாட்டர்னியனை பிளெண்டரின் பைத்தான் டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் என்று தரும். யூனிட்டியும் ஜிஎல்டிஎஃப்பும் டபிள்யூவைக் கடைசியில் வைக்கும். எக்ஸ் அச்சைப் புரட்டும்போது குவாட்டர்னியனில் எக்ஸ் மாறாது, ஒய்யும் இசட்டும்தான் குறி மாறும். இடத்தைச் சொல்லும் ஆயங்களுக்குச் செய்ததையே சுழற்சிக்கும் செய்துவிட்டுக் கதவு ஏன் சுவருக்குள் திறக்கிறது என்று திகைப்பவர்கள் உண்டு.

எழுத்து தலைகீழ், சுண்ணாம்புக் கோடு புடைப்பு

வீடு சரியாக இருந்து, பெயர்ப்பலகை மட்டும் தலைகீழாக இருந்தால் அச்சைத் தொடாதீர்கள். அது யுவி பிரச்சினை, அதாவது படத்தின் எந்த இடம் பரப்பில் எங்கே ஒட்டும் என்று சொல்லும் எண்களின் பிரச்சினை. பிளெண்டர், யூனிட்டி, ஓப்பன்ஜிஎல் படத்தின் கீழ் இடது மூலையிலிருந்து எண்ணும். ஜிஎல்டிஎஃப், டைரக்ட்த்ரீடி, அன்ரியல் மேல் இடது மூலையிலிருந்து. மேல்கீழைக் குறிக்கும் வி என்பதை 1 − வி ஆக்கினால் நிமிரும். நல்ல ஏற்றுமதிக் கருவி இதைத் தானே செய்துவிடும், கையால் எழுதும் ஸ்கிரிப்ட்தான் மறக்கும்.

பரப்பின் மேடுபள்ளத்தை நிறத்தில் எழுதிவைக்கும் படமான நார்மல் மேப்பில் ஏமாற்று இன்னும் நுட்பம். பூசாத செங்கல் சுவரை, அல்லது அந்தப் பக்கத்து வெட்டுக்கல் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு இடையிலுள்ள சாந்து இடுக்கு உள்வாங்கி இருக்கவேண்டும். மேலிருந்து வெயில் விழும்போது கிடை இடுக்குகள் புடைத்துத் தெரிந்து, நெட்டை இடுக்குகள் மட்டும் ஒழுங்காக இருந்தால் பச்சைச் சேனல் தலைகீழ். பிளெண்டர், மாயா, யூனிட்டி, கோடோ ஒரு வழக்கம், ஓப்பன்ஜிஎல் வகை என்பார்கள். அன்ரியலும் த்ரீடிஎஸ் மேக்ஸும் டைரக்ட்எக்ஸ் வகை. அன்ரியலில் டெக்ஸ்ச்சரைத் திறந்து ஃபிளிப் கிரீன் சேனல் டிக் போடலாம். பிளெண்டரில் படத்தை நான்-கலர் என்று வைக்க மறந்தாலும் சுவர் விகாரமாகும். அதைப் பார்த்துவிட்டுப் பச்சையைப் புரட்டினால் ஒரு பிழைக்கு இரண்டு பிழை.

வல்கன் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகத்தில் நேரடியாக எழுதுபவர்கள் ஓப்பன்ஜிஎல்லின் புரொஜெக்ஷன் அணியைக் கொண்டுவந்தால் படம் தலைகீழாகும், ஆழமும் தப்பும். வல்கனின் ஒய் கீழ்நோக்கியது, ஆழம் 0 முதல் 1 வரை. ஓப்பன்ஜிஎல்லில் −1 முதல் 1 வரை. இரண்டையும் சேர்த்துத்தான் சரிசெய்யவேண்டும்.

சர்வே எண்களை அப்படியே போடாதீர்கள்

மனையின் ஆயங்கள் யுடிஎம்மில் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் ஆயம் தரும் முறை) வந்தால் மண்டலத்தைப் பாருங்கள். 72 முதல் 78 பாகைத் தீர்க்கரேகை வரை 43 வடக்கு, 78 முதல் 84 வரை 44 வடக்கு. செங்கோட்டை, கம்பம், களியக்காவிளை எல்லாம் 43. ஆந்திர எல்லையில் திருத்தணி, சித்தூர் பக்கம் 44. செங்கோட்டையை ஒட்டிய ஒரு மனைக்குக் கிழக்கு ஏறத்தாழ 7,47,000 மீட்டர், வடக்கு ஏறத்தாழ 9,91,000 மீட்டர் என்று வரும். இந்த அளவு பெரிய எண்ணை 32 பிட் ஃபுளோட்டில் (கணினி தசம எண்ணை வைக்கும் ஒரு வடிவம்) வைத்தால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 0.0625 மீட்டர் இடைவெளி. ஏறக்குறைய இரண்டரை அங்குலம். சுவர் மூலைகள் பிசகும், கேமரா நகரும்போது ஜன்னல் கம்பிகள் நடுங்கும். மனையின் ஒரு கல்லைப் பூஜ்யமாக வைத்து, அதன் கிழக்கு வடக்கு எண்களைக் கழித்துவிட்டு அனுப்புங்கள். கழித்த எண்களைக் கோப்போடு ஒரு குறிப்பில் எழுதிவையுங்கள். அதே குறிப்பில் எது மேலே, எந்தக் கை, அலகு என்ன, வடக்கு எந்த அச்சு என்பதும் நான்கு வரியில் இருக்கட்டும்.

அட்சம், தீர்க்கம் வந்தால் வரிசையைக் கவனியுங்கள். பேச்சில் அட்சம் முதலில் சொல்வோம்; கூகுள் எர்த்தில் திறக்கும் கேஎம்எல் கோப்பு தீர்க்கத்தை முதலில் எழுதும். செங்கோட்டையின் 8.97, 77.25 ஐ இடம் மாற்றிப் படித்தால் மனை ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் விழும்.

கடைசியாக நிழல்

எல்லாம் சரி என்று தோன்றிய பிறகு முற்றத்தில் 10 அடிக் கம்பம் ஒன்று நட்டு, சூரியனை நிஜத் தேதிக்கு வையுங்கள். செங்கோட்டையில் உச்சிவேளை 12 மணியல்ல. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கத்துக்கு உரியது, இந்த ஊர் அதற்கு 5.25 பாகை மேற்கே, ஆகவே 21 நிமிடம் தாமதம். ஜூன் 21, டிசம்பர் 21 இரண்டு நாளும் சுமார் 12.20 என்று வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் 21 அன்று சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே, ஏறத்தாழ 6 அடி 4 அங்குலம். ஜூன் 21 அன்று சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். நிழல் தெற்கே, இரண்டரை அடிக்குச் சற்று மேல். ஜூன் நிழல் வடக்கே விழுந்தால் வடக்கு எது என்பதில் இன்னும் 180 பாகை பாக்கி இருக்கிறது, அல்லது அட்சரேகையை டெல்லிக்கு விட்டிருக்கிறீர்கள். நிழலின் திசை சரி, நீளம் தப்பு என்றால் அட்சரேகையைச் சென்னைக்கோ வேறு ஊருக்கோ விட்டிருக்கிறீர்கள். உச்சிவேளை நிழல் சரியாக இருந்தும் காலை 8 மணி நிழல் கிழக்கே நீண்டால் கிழமேல் பிம்பம்; மேலே சொன்ன ஸ்கேல் எக்ஸ் −1 எங்காவது ஒளிந்திருக்கும், தாய்ப்பொருள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.